இடது பாக்கெட்

ரத்தம் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து டீச்சரின் தூக்கம் போன இடம் தெரியவில்லை. இன்றைக்குத்தான் முடிவைச் சொல்லப் போகிறார்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு எந்த வரிசை எண் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு வருஷமாக எல்லாம் மறந்து போகிறது. அப்படித்தான் அவள் நம்புகிறாள். "நேத்தே சொன்னேனே, மறந்துட்டியா?" என்று வீட்டுக்காரர் கேட்கும்போதெல்லாம் அவள் யோசித்து யோசித்துப் பார்ப்பாள். சொன்ன நினைவு துளிக்கூட இருக்காது.

தங்கள் ஞாபகம் போகிறது என்று தாங்களே நினைக்கும் பெரியவர்களை வரவழைத்து, கேள்விகள் கேட்டு, ரத்தத்தையும் சோதித்துப் பார்க்கும் ஓர் ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்று மகள் கேள்விப்பட்டாள். டீச்சர் பெயரைக் கொடுத்தாள். துணைக்கு வருபவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொள்வோம் என்றார்கள். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். உங்களுக்கு மறதி உண்டா என்று நர்ஸ் கேட்டதற்கு, "எனக்கா? கல்யாணத்தன்னிக்கு என் மாமனார் என்ன கலர் சட்டை போட்டிருந்தார்னு சொல்லட்டுமா?" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டாள். டீச்சருக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இன்று காலை சமையலறையில் கரன்ட் இல்லை.

வெந்நீர் வைக்கப் போனாள், கெட்டில் அசையவில்லை. ஹாலில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன். வந்து நடையில் இருந்த மெயின் பாக்ஸைத் திறந்தார். பழைய வீடு, பழைய பாக்ஸ். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டை, பிடுங்கி எடுத்தால் அந்த அறைக்குக் கரன்ட் போய்விடும். சமையலறைக் கட்டை இருந்த இடம் பல் விழுந்த ஈறாகக் காலியாக இருந்தது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எங்க வச்ச, டீச்சர்?"

ஊரே அவளை டீச்சர் என்றால் அவரும் டீச்சர் என்பார், கேலியாக ஆரம்பித்தது அப்படியே நிலைத்துவிட்டது. இன்றைக்கு அவர் குரலில் கேலி இல்லை. கோபமும் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அவள் இழுப்பறைகளைக் கவிழ்த்தாள். அரிசி டப்பாவுக்குள் கையை விட்டாள். ஃபிரிட்ஜையும் திறந்து பார்த்தாள், ஏனென்றால் போன மாதம் வீட்டுச் சாவி முட்டைத் தட்டில் கிடந்தது. அன்றும், நீதான் வைத்திருப்பாய் என்று அவர்தான் சொன்னார். அந்தக் கட்டையில் அவளே ஒரு அடையாளம் வைத்திருந்தாள். இருட்டில் டார்ச் அடித்தால் தெரியட்டும் என்று மகளின் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு புள்ளி. எங்கேயும் அந்தச் சிவப்பு அகப்படவில்லை.

வீட்டுக்காரர், தேடி அலையாதே, சாயங்காலம் புதிதாக ஒன்று வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். சின்னவன் கருவிப் பையைத் தோளில் மாட்டினான். அப்பாவும் மகனும் சேர்ந்துதான் வேலைக்குப் போவார்கள். பழைய துணிக் கிடங்கு ஒன்றை அலுவலகமாக மாற்றுகிறார்கள், அங்கே வயரிங். காலையில் வயர் ஓட்டக் குழாய் பதிக்கிற வேலை, சாப்பாட்டுக்கு முன்னால் பழைய லைனில் கை வைக்க வேண்டும் என்று சின்னவன் போகும்போது சொன்னான். அது டீச்சர் காதில் விழுந்தது, மனதில் பதியவில்லை. அவள் மனம் ஃபியூஸ் கட்டையைத் தேடிக்கொண்டிருந்தது.

மகள் ஸ்கூட்டரில் வந்து ஹாரன் அடித்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க டீச்சர் மனதுக்குள் பதிமூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போனாள். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அதில் அவளுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை, பழசு நன்றாக நினைவிருக்கும், புதுசுதான் போகும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள்.

டாக்டர் சின்னப் பெண். டீச்சரிடம் படித்த பிள்ளைகளில் ஒருத்தியாக இருக்கலாம் என்ற வயது. உட்காரச் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"மூளையில அந்த நோய் ஆரம்பிச்சா ரத்தத்துல ஒரு புரதம் ஏறும்மா. அதைத்தான் பார்த்தோம். உங்களுக்கு ஏறல."

டீச்சருக்குப் புரியவில்லை. மகளுக்குப் புரிந்துவிட்டது, அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

இதை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய முடியாது என்றாள் டாக்டர். ஆனால் அன்றைக்கு வைத்த பரீட்சைகளையும் டீச்சர் நன்றாகவே செய்திருக்கிறாள். ஒரு வைட்டமின் குறைவாக இருக்கிறது, அதற்கு மாத்திரை உண்டு. தூக்கம் கெட்டிருக்கிறது, மனதில் பயம் உட்கார்ந்திருக்கிறது. மறக்கிறது, மறக்கிறது என்று தோன்ற இவ்வளவே போதும். பயந்துகொண்டு தாங்களே தேடி வருகிறவர்களில் பலருக்கு இப்படித்தான் என்றாள்.

டீச்சருக்கு ஒரு வருஷம் கழித்து மூச்சு முழுசாக வந்தது. எழுந்து நின்று இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போதுதான் டாக்டர் அதைக் கேட்டாள். என்னென்ன மறந்தீர்கள், உதாரணம் சொல்லுங்கள் என்று. டீச்சர் அடுக்கினாள். சாவி ஃபிரிட்ஜில் கிடந்தது. நாத்தனார் வரப்போவதாகச் சொல்லியும் மறந்து போய் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனது. அடுப்பை அணைக்காமல் விட்டது. இன்று காலை ஃபியூஸ் கட்டை.

"இதெல்லாம் நீங்களே கவனிச்சதா, இல்ல யாராவது சொன்னதா?"

"வீட்டுக்காரர் சொன்னார்."

"எல்லாமேவா?"

டீச்சர் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தாள். சாவியைக் கண்டுபிடித்தவர் அவர். நாத்தனார் வருவதாகச் சொன்னேன் என்றவர் அவர். அடுப்பு எரிந்த அன்று அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், சமையலறையில் இருந்தவர் அவர்தான். ஒரு மறதிக்காவது வேறு சாட்சி உண்டா என்று தேடினாள். இல்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். அன்றைக்கு உங்கள் வீட்டுக்காரரும் ரத்தம் கொடுத்தார் இல்லையா என்று மெதுவாக ஆரம்பித்தாள். அவருடைய முடிவை அவரிடம்தான் சொல்ல வேண்டும், மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது என்றாள்.

"அவரை இந்த வாரமே வரச் சொல்லுங்கம்மா. நீங்களும் கூட வாங்க."

அழுதுகொண்டிருந்த மகள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.  சற்று முன் முழுசாக வந்த மூச்சு டீச்சருக்குப் பாதியிலேயே நின்றது.

தாழ்வாரத்தில் நடக்கும்போது மகள் ஏதேதோ பேசினாள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது, தம்பியிடம் முதலில் சொல்லலாமா, எதற்கும் இன்னொரு டாக்டரையும் பார்க்கலாமா என்று. டீச்சர் காதில் எதுவும் ஏறவில்லை. அவள் நேற்று ராத்திரியை மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று ராத்திரி, சாப்பிட்டு முடித்த பிறகு, சமையலறை இருட்டாக இருந்தது. அவர் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு சுவரில் இருந்த ஸ்விட்ச்சைக் கழற்றிக்கொண்டிருந்தார். இதைக் காலையிலேயே அவள் நினைத்தாள். ஆனால் நேற்றா, போன வாரமா என்று தன் மீதே நம்பிக்கை இல்லாமல் ஒதுக்கிவிட்டாள். ஒரு வருஷமாக அவள் நினைவு என்று எதைக் கண்டாலும் ஒதுக்கித்தானே வந்தாள். இப்போது அந்தச் சின்னப் பெண் டாக்டர், உன் நினைவை நீ நம்பலாம் என்று சொல்லிவிட்டாள்.

நம்பிப் பார்த்தாள். நேற்றுதான். காக்கிச் சட்டையோடுதான் நின்றார். அப்படியென்றால் சமையலறைக் கட்டையைப் பிடுங்கியது அவர். பிடுங்கிய கட்டையை அவர் எங்கே வைப்பார்?

இங்கே அவருடைய பட்டப்பெயரைச் சொல்லியாக வேண்டும். எலெக்ட்ரீஷியன்கள் நடுவே அவருக்குப் 'பாக்கெட்' என்று பெயர். எந்த லைனில் கை வைத்தாலும் அதன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டையின் இடது பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். கட்டை தன்னிடம் இருக்கிறவரை எவனும் தெரியாமல் கரன்ட் கொடுக்க முடியாது என்பது அவர் சட்டம். வேலை கற்ற நாளிலிருந்து மாறாத சட்டம். மேலே ஏணியில் இருப்பவன் "கட்டை?" என்று கேட்பான். இவர் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பாக்கெட்ல இருக்கு, தொடு" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. சின்னவன் புதிதில் ஒருமுறை அதற்குப் பிறகும் கரன்ட் இருக்கிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்த்தான். என் பாக்கெட்டை விட உன் டெஸ்டர் பெரிசா என்று அவர் ஏணியிலிருந்து இறங்கச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அன்றிலிருந்து அப்பா தொடு என்றால் சின்னவன் தொட்டுவிடுவான்.

அந்தப் பாக்கெட்டில் இப்போது வீட்டுச் சமையலறைக் கட்டை இருக்கிறது.

டீச்சரின் கால்கள் நின்றுவிட்டன. அவர் கிடங்கு மெயினுக்குப் பக்கத்தில் போவார். யாராவது கூப்பிடுவார்கள், பேசிவிட்டுத் திரும்புவார். பிடுங்கினோமா இல்லையா என்று ஒரு சந்தேகம் வரும். பாக்கெட்டைத் தட்டிப் பார்ப்பார். கட்டை கையில் தட்டுப்படும்.

"தம்பிக்குப் போன் போடு," என்றாள்.

மகள் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. ஏணியில் ஏறும்போது சின்னவன் போனைக் கருவிப் பைக்குள் வைத்துவிடுவான், அதுவும் அப்பா போட்ட சட்டம்தான். அப்பாவுக்குப் போடு என்றாள். மகள் போட்டாள்.

டீச்சரின் கைப்பைக்குள் மணி அடித்தது.

இருவரும் கைப்பையைப் பார்த்தார்கள். காலையில் அந்தப் பை அவர் சட்டைக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்கியது. அவர்தான் தன் போனை அதில் போட்டிருப்பார். இல்லை, நானா? ஒரு கணம் பழைய பயம் தலையைத் தூக்கியது. மகள் முகத்திலும் அதே கேள்வி ஓடியது. டீச்சர் போனை அணைத்தாள். வண்டியை எடு என்று மட்டும் சொன்னாள்.

ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து போகும்போது விஷயத்தை மகளின் காதில் கத்திச் சொன்னாள். வண்டியின் வேகம் கூடியது. சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் ஒரு லாரி புகையை விட்டுக்கொண்டு நின்றது. வேண்டாத தெய்வமில்லை என்பார்களே, டீச்சர் அப்படி வேண்டினாள். நடுவே கணக்கும் போட்டாள். சாப்பாட்டுக்கு முன்னால் என்றான். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பெற்ற பிள்ளை ஏணியில் நிற்கிறான், கீழே நிற்பவர் அவனுடைய அப்பா, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முழுசாக நம்புகிறார்கள். இதைவிடப் பயங்கரமான ஒன்றை அவளால் நினைக்க முடியவில்லை.

கிடங்கு வாசலில் வாட்ச்மேன், யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுந்தார். டீச்சர் நிற்கவில்லை. முட்டி வலிக்காரி என்று வீட்டில் பெயர் எடுத்தவள், மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள். மகள் பின்னால் மூச்சிரைக்க வந்தாள்.

மேலே நீளமான கூடம். சிமென்ட் தூசி. நடுவில் ஏணி, அதன் உச்சியில் சின்னவன். கூரையிலிருந்து இறங்கிய பழைய வயரை இடது கையால் இழுத்துப் பிடித்திருந்தான். வலது கையில் வெட்டுக் கத்தரி. கீழே வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்.

"பாக்கெட்ல இருக்கு, தொடு," என்று அவர் சொல்வது காதில் விழுந்தது.

ஓடிப் போய்ப் பிடிக்க நேரமில்லை. வகுப்பறையை விட்டு வந்த பிறகு எடுக்காத குரல் ஒன்று டீச்சரிடம் இருந்தது. அது தானாக வந்தது.

"கையை எடு."

கூடம் முழுக்க அது போய் மோதியது. சின்னவன் அவளிடமே படித்தவன். முப்பது வயதைத் தாண்டியும் அந்தக் குரலுக்கு அவன் உடம்பு கட்டுப்பட்டது, இரண்டு கைகளையும் எடுத்துவிட்டான். கத்தரி தரையில் விழுந்து தெறித்தது.

வீட்டுக்காரர் திரும்பினார். அவளை இங்கே பார்த்த ஆச்சரியம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"கட்டை எங்கங்க?" என்றாள் டீச்சர்.

"எங்க இருக்கும், டீச்சர்? இதைக் கேக்கவா ஓடி வந்த?" அவர் சிரித்தபடி இடது பாக்கெட்டுக்குள் கையை விட்டார். பென்சில், டேப், இரண்டு திருகாணி. அவற்றுக்கு அடியிலிருந்து கட்டையை எடுத்து எல்லாரும் பார்க்க நீட்டினார்.

சின்னக் கட்டை. வெள்ளைப் பீங்கான். அதன் நெற்றியில் சிவப்பாக ஒரு புள்ளி.

சின்னவன் இறங்கினான். பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டு திரும்ப ஏறினான். சற்று முன் கத்தரி வைக்கப் போன வயரின் பிரிந்த முனையில் அதை வைத்தான். டெஸ்டருக்குள் இருந்த சின்ன விளக்கு பகல் வெளிச்சத்திலும் ஆரஞ்சாக எரிந்தது.

 மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் விளக்கைப் பார்த்தார், கையில் இருந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்தார், மறுபடி விளக்கைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவரிடமிருந்து ஒரு வாக்கியம் வரும். நேற்றே சொன்னேனே என்று. டீச்சர் அதற்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. அவர் உதடு மட்டும் அசைந்தது. அந்த முகம், கணக்குத் தெரியாமல் கரும்பலகை முன்னால் நிற்கும் பிள்ளையின் முகமாக இருந்தது. டீச்சருக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"நான்தான் போட்டேன்," என்றாள். "காலைல சட்டையைத் தட்டி மாட்டும்போது. மறந்துட்டேன்."

ஒரு வருஷமாகச் சொல்லிப் பழகிய வார்த்தை, யோசிக்காமல் வந்துவிட்டது.

"அம்மா," என்றாள் மகள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. டீச்சரைத் தவிர டாக்டர் சொன்னதைக் கேட்டவள் அவள் ஒருத்திதானே.

சின்னவன் ஏணியிலிருந்து இறங்கி, டெஸ்டரைப் பைக்குள் எறிந்துவிட்டு வந்தான்.  இதுவரை அம்மாவை ஒரு சொல் கடிந்து பேசாத பிள்ளை, இன்று பேசினான். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் நான் பிணம் என்றான். இனிமேல் அப்பாவின் பொருள் எதையும் தொடக்கூடாது, அடுப்புப் பக்கமே போகக்கூடாது, வீட்டில் தனியாக விடவே கூடாது என்றான். டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வலித்தது. ஆனால் திட்டுவதற்கு அவன் உயிரோடு இருக்கிறானே என்ற நினைப்பு அந்த வலியை விடப் பெரிதாக இருந்தது.

வீட்டுக்காரர் யாரையும் பார்க்காமல் படியிறங்கினார். டீச்சர் பின்னாலேயே போனாள்.

மெயின் பாக்ஸ் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. அவர் கதவைத் திறந்து, கிடங்கின் பெரிய கட்டையைப் பிடுங்கினார். கை பழக்கத்தில் இடது பாக்கெட்டுக்குப் போனது. பாதி வழியில் நின்றது.  பிறகு கட்டையை அவள் கையில் வைத்து, அவள் விரல்களை அதன் மேல் மூடினார்.

"நிஜமாவே நீதான் போட்டியா?" என்று கேட்டார்.

ரகசியம் பேசும் குரல். அதில் இருந்த பயம் டீச்சருக்கு நன்றாகத் தெரிந்த பயம். ஒரு வருஷமாக ஒவ்வொரு முறையும், நிஜமாவே நீங்க சொன்னீங்களா என்று அவள் அவரைக் கேட்டது இதே குரலில்தான். அப்படியென்றால் இவருக்கும் தெரியுமா? எத்தனை நாளாகத் தெரியும்? தெரிந்துகொண்டா ஒவ்வொன்றையும் என் தலையில் கட்டினார், இல்லை இந்த நிமிஷம்தான் தெரிந்ததா? கேட்க வாய் வரவில்லை. இந்த வாரமே கூட்டி வாருங்கள் என்ற டாக்டரின் குரல் மட்டும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, கட்டை?" என்று மேலேயிருந்து சின்னவன் கேட்டான்.

அவர் வாய் திறந்தது.  பதிலுக்காக அவளைப் பார்த்தார்.

டீச்சர் கையை விரித்து ஒருமுறை பார்த்தாள். கனமான கட்டை, உள்ளங்கையில் குளிர்ந்து கிடந்தது. மறுபடி மூடிக்கொண்டாள்.

"எடுத்தாச்சு," என்றாள் உரக்க. "என் கையில இருக்கு. தொடு."

மேலேயிருந்து பதிலுக்குக் கருவிப் பையைக் கவிழ்த்து, சின்னவன் டெஸ்டரைத் தேடும் சத்தம்தான் கேட்டது.